பெரிய டோசர் பிளேடை மினி டிராக்டரில் மாட்டுவது எப்படி?

ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே பாதையைப் பற்றிய கவலைதான். மேட்டிலிருந்து செம்மண் கரைந்து வழிந்து பாதையில் படியும், அதோடு சில்வர் ஓக் இலையும் சரளையும் சேர்ந்து ஒரு சாண் உயரத்துக்குச் சேறு நின்றுவிட்டால் பிக்கப் ஏறாது, பறித்த காபிப் பழம் அங்கேயே கிடக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். நெடுஞ்சாலையைச் சரிசெய்ய அரசு இருக்கிறது. நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை என்று எந்தப் பக்கம் தோட்டம் இருந்தாலும் அதற்குள் ஓடும் சொந்தப் பாதையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜேசிபி கூப்பிடலாம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் செலவும் வாடகையில்தான் சேரும், மழைக் காலத்தில் கூப்பிட்டதும் வராது, வந்தாலும் எட்டடிப் பாதையில் திரும்ப இடம் இருக்காது. அதே நேரம் தோட்டத்து ஷெட்டில் 24 அல்லது 27 எச்பி மினி டிராக்டர் ஒன்று, மருந்தடிக்கவும் டிரெய்லர் இழுக்கவும் மட்டும் என்று நிற்கிறது. அதன் முன்னால் ஒரு பிளேடு இருந்தால் சாண் உயரச் சேற்றை நாமே தள்ளிவிடலாம். மினி டிராக்டர் அளவுக்கே செய்த புது பிளேடு கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம். அது கிடைக்காதவர்களுக்கும், பழைய இரும்புக்கடையில் 45, 50 எச்பி டிராக்டரிலிருந்து கழற்றிய டோசர் பிளேடு மலிவாகக் கிடைத்து அதை என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

தள்ளும் அடி எங்கே போய்ச் சேருகிறது?

பிளேடைக் கையில் எடுப்பதற்கு முன்னால் டிராக்டருக்கு அடியில் படுத்து ஒரு முறை பாருங்கள். லாரிக்கும் பிக்கப்புக்கும் முன்னிருந்து பின் வரை ஓடும் சேஸிஸ் உண்டு. மினி டிராக்டருக்குப் பெரும்பாலும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. முன் ஆக்ஸில் பிராக்கெட், எஞ்சின், கிளட்ச் ஹவுஸிங், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆகியவை ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்கின்றன, அந்த வார்ப்புப் பெட்டிகளே வண்டியின் உடம்பு. முன் பம்பரில் பிளேடை மாட்டித் தள்ளினால், கல்லில் மோதும் அடி முழுவதும் அந்த போல்ட் வரிசைகள் வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். முதலில் எஞ்சினுக்கும் ஹவுஸிங்குக்கும் நடுவே எண்ணெய் கசியும், அப்புறம் போல்ட் தளரும், கடைசியில் ஹவுஸிங் காதில் விரிசல் விழும். வார்ப்பு உடைந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு.

ஆகவே பிளேடின் சட்டம் டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் ஓடி பின் ஆக்ஸிலில் போய் முடிய வேண்டும். முன்பக்கப் பிராக்கெட்டின் வேலை பிளேடைத் தூக்கிப் பிடிப்பது மட்டும். பட்டறையில் "சார், முன்னாடியே நாலு போல்ட் போட்டு முடிச்சிடலாம்" என்று சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மற்றதெல்லாம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

பனி கொட்டும் நாடுகளில் இதே வேலையைப் பலர் செய்கிறார்கள். அமெரிக்கா, கனடா பக்கம் பிக்கப் டிரக்கின் முன்னால் மாட்டும் பழைய பனித்தள்ளு பிளேடு, ஏழரை அல்லது எட்டடி அகலம் உள்ளது, அதை வாங்கிச் சின்ன டிராக்டருக்கு மாற்றிக்கொள்வார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று: தடையில் மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங், பிளேடு தரையைக் கவ்வாமல் தாங்கும் ஷூ, மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கும் கோண அமைப்பு. பேட்டரியில் ஓடும் அவர்களின் ஹைட்ராலிக் பம்ப் நமக்கு வேண்டாம். பிளேடைத் தூக்கும் நேரத்தில் அது 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மினி டிராக்டரின் சின்ன பேட்டரி தாங்காது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், நனைந்த செம்மண் அதே அளவுக்கு 1.8 டன் வரை போகும். பனிக்குப் போதுமான சட்டம் நம் மண்ணுக்குப் போதாது.

எடை போட்டு, அப்புறம் வெட்டுங்கள்

இரும்புத் தகட்டின் எடையைக் கண்டுபிடிக்கத் தராசு தேவையில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. எட்டடி நீளம், இரண்டரை அடி உயரம், 10 மி.மீ. தகடு என்றால் தகடு மட்டுமே 145 கிலோ. பின்பக்க விலாக்கள், பின் மாட்டும் காதுகள், அடி ஓரத்தில் மண்ணை வழிக்கும் வெட்டுப்பட்டை எல்லாம் சேர்ந்தால் 200-ஐ எளிதாகத் தாண்டும். அதையே ஐந்தடி நீளம், 55 செ.மீ. உயரமாக வெட்டினால் தகடு 66 கிலோதான். சட்டம், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து மொத்தம் 150 கிலோவுக்குள் முடியுங்கள். மினி டிராக்டருக்கு நான் ஒத்துக்கொள்ளும் உச்சம் அதுதான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் எடை தன் எடையை விட அதிகமாக அழுத்தும். முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே ஒன்றரை மீட்டர், பிளேடின் எடை முன் ஆக்ஸிலுக்கு 70 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோ பிளேடு முன் ஆக்ஸிலில் 220 கிலோவாக உட்காரும், பின் சக்கரத்திலிருந்து 70 கிலோவைப் பிடுங்கிக்கொள்ளும். பாரம் ஏறும் இடம் ஸ்டீயரிங், முன் பேரிங், டயர். பிடிப்பு குறையும் இடம் வண்டியைத் தள்ள வேண்டிய பின் சக்கரம். அதனால் பிளேடு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு நல்லது. கிரில்லுக்கும் பிளேடுக்கும் நடுவே கை நுழைந்து வேலை பார்க்கும் இடமும் பானெட் திறக்கும் இடமும் இருந்தால் போதும், அதற்கு மேல் ஒரு செ.மீ. கூட முன்னால் தள்ளாதீர்கள்.

அகலம் ஏன் ஐந்தடி? பிளேடை 30 டிகிரி திருப்பி வைத்தால் அது வழிக்கும் அகலம் 4 அடி 4 அங்குலமாகக் குறைந்துவிடும். மினி டிராக்டரின் டயர் வெளி அகலம் சுமார் நான்கடி. திருப்பிய நிலையிலும் டயரை விட அகலமாக வழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கிய மண்ணிலேயே சக்கரம் ஏறும். உங்கள் டயர் அகலத்தை டேப் வைத்து அளந்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது நடுவில் கை வைக்க வேண்டாம். தள்ளு காதுகள் நடுவில்தான் இருக்கும், ஆகவே இரண்டு ஓரத்திலும் சமமாகக் குறையுங்கள். வெட்டுவதற்கு முன் பழைய வெட்டுப்பட்டையின் போல்ட்டைக் கழற்றித் தனியே எடுத்துவிடுங்கள். கேஸ் கட்டிங் ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு வெட்டச் சொல்லுங்கள், ஓரத்தை கிரைண்டரில் தேய்த்துவிட்டு இரண்டு முனையிலும் 8 மி.மீ. பட்டை வைத்து வெல்டிங் அடித்தால் பிளேடு மறுபடி விறைப்பாகிவிடும். முடிந்ததும் பழ மூட்டை எடை போடும் தராசிலேயே தூக்கி வைத்து ஒரு முறை பாருங்கள்.

வெட்டுப்பட்டைக்கு லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை நன்றாக உழைக்கும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் காய்ச்சி நேராக்கி ஓட்டையும் போட்டுத் தருவார்கள், இரண்டு துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதை வெல்டிங் வைக்காதீர்கள். ஸ்பிரிங் இரும்பு வெல்டிங் ஓரத்தில் வெடித்துவிடும், தேய்ந்த பிறகு மாற்றவும் முடியாது. போல்ட்தான் சரி.

சட்டம்

75×40 மி.மீ. இரும்புச் சேனல் இரண்டு எடுத்து முகத்துக்கு முகம் சேர்த்துப் பெட்டி மாதிரி வெல்டிங் அடித்தால் ஒரு கை. இப்படி இரண்டு கை, டிராக்டரின் இரு பக்கமும் முன் சக்கரங்களுக்கு உள்ளே ஓட வேண்டும். பின் முனையை ஆக்ஸில் குழாயில் லாரி யூ போல்ட் போட்டு, நடுவே 12 மி.மீ. தகடு வைத்துப் பிடியுங்கள். ஆக்ஸில் ஹவுஸிங்கில் நேரடியாக வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. சூட்டில் ஹவுஸிங் வளையும், உள்ளே சீல் கருகும். கைகள் மேலும் கீழும் ஆட வேண்டிய இடத்தில் 25 மி.மீ. பின்னும் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் வையுங்கள். போல்ட் எல்லாம் தலையில் 8.8 என்று பொறித்ததாக இருக்கட்டும். பாரம் தாங்கும் இணைப்புக்கு 7018 வெல்டிங் ராடு, மற்றதற்கு 6013 போதும்.

வெல்டிங்கை டிராக்டரின் மேல் வைத்து முழுசாக அடிக்காதீர்கள். அளவு பார்க்க டேக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் போட்டுக் கழற்றி, தரையில் வைத்து முடியுங்கள். டேக் போடும்போதும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இரும்பிலேயே மாட்ட வேண்டும். டிராக்டர் பாடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடும்.

முழு வெல்டிங்குக்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது, நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். டேக் போட்ட நிலையில் முன் டயரின் உள்பக்கச் சுவர் முழுக்க சாக்பீஸ் தேய்த்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். அதோடு நிற்காமல் ஒரு முன் சக்கரத்தை அரையடி மரக்கட்டையில் ஏற்றி, ஆக்ஸில் சாய்ந்த நிலையில் மறுபடியும் ஒடியுங்கள், அடுத்த சக்கரத்தையும் அப்படியே செய்யுங்கள். சட்டத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே டயர் உரசுகிறது. சமதளப் பட்டறையில் இரண்டு விரல் இடைவெளி இருந்த வண்டி, மலைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கியதும் டயரைக் கிழித்துவிடும். 4 வீல் டிரைவ் வண்டியில் நடுவே முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் எதுவும் வரக் கூடாது, சர்வீஸ் நேரத்தில் எஞ்சின் ஆயில் திறப்புக்குக் கை போக வேண்டும்.

முன்னால் இரண்டு கையையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவில் 30 மி.மீ. பின் ஒன்று. பிளேடின் சட்டம் அதில் சுழலும். பக்கத்தில் ஓட்டை போட்ட வளைவுத் தகடு வைத்து நேர், இடம் 30, வலம் 30 என்று மூன்று நிலைக்கு லாக் பின் போட்டுக்கொள்ளலாம். திருப்ப ஹைட்ராலிக் வைப்பவர்கள் உண்டு. தோட்டப் பாதைக்கு அது தேவையே இல்லை, வேலை தொடங்கும்போது ஒரு தடவை இறங்கிக் கையால் மாற்றுவதுதானே.

மடங்கும் ஸ்பிரிங்

நம் மலைப்பாதையில் சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பாறை முனை, சில்வர் ஓக் வேர், எப்போதோ போட்ட கல்வெர்ட்டின் ஓரம் எதுவும் இருக்கலாம். விறைப்பாக மாட்டிய பிளேடு அதில் மோதினால் ஓட்டுபவரின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் அடிக்கும். அதனால் பிளேடை சட்டத்தோடு நேரடியாக இறுக்காமல், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இரண்டு கீல் பின் போட்டு மாட்டுங்கள். பிளேடின் மேல் ஓரத்தை ஸ்பிரிங் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். கீழே தடை பட்டதும் அடி பின்னால் போகும், தலை முன்னால் கவிழும், பிளேடு தடையின் மேல் வழுக்கிவிட்டு ஸ்பிரிங் இழுப்பில் பழைய நிலைக்கு வரும்.

இதற்கான ஸ்பிரிங்கைத் தேடி அலைய வேண்டாம். ஸ்பிரிங் வைத்த ஒன்பது கொத்துக் கலப்பைக்கு மாட்டும் இழு ஸ்பிரிங் எந்த டிராக்டர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், அதுவும் கல்லில் மோதும்போது கொத்து மடங்குவதற்காகச் செய்ததுதான். நான்கு வாங்குங்கள், இரண்டில் தொடங்கிப் போதவில்லை என்றால் கூட்டுங்கள். ஒரு முனையில் கண் போல்ட் வைத்தால் இறுக்கத்தை நட்டால் கூட்டிக் குறைக்கலாம். பிளேடு பின்னால் அளவுக்கு மேல் சாயாமல் இருக்க ஒரு தடுப்புக் கட்டையும் வேண்டும். அந்தத் தடுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வெட்டுப்பட்டை தரையோடு 60 டிகிரி அளவில் நிற்கட்டும். அதைவிட நிமிர்ந்தால் மேலாக வழித்துக்கொண்டு போகும், பின்னால் சாய்ந்தால் பாதையையே தோண்டும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க, புதைந்த பாறை ஒன்றைக் கண்டுபிடித்து முதல் கியரில் மெதுவாகப் போய் முட்டுங்கள். சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது, பிளேடு மடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் அதிக இறுக்கம். வெறும் சேற்றுக்கே மடங்குகிறது என்றால் தளர்வு. சக்கரம் வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மடங்க வேண்டும். இழுத்த ஸ்பிரிங் அறுந்தால் ஆளை அடிக்கும், எனவே ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சங்கிலி கோத்துவிடுங்கள், மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்ட பிளேடில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

ஷூ இரண்டு, பிளேடின் பின்னால். மண் பாதைக்கு வெட்டுப்பட்டை தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரத்தில் நிற்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் போட்ட சரளையெல்லாம் சேற்றோடு போய்விடும்.

தூக்குவது

பல மினி டிராக்டர்களில் டிரெய்லர் டிப்பிங்குக்கு ஒரு எண்ணெய் வழி இருக்கும், அல்லது டீலர் மாட்டிக்கொடுப்பார். அந்த ஒரு வழியே போதும். எண்ணெய் போனால் பிளேடு எழும், லீவரை விட்டால் தன் எடையில் இறங்கித் தரையின் மேடு பள்ளத்தோடு தானே ஏறி இறங்கும். இரு வழி வால்வு வைத்து பிளேடைத் தரையில் அழுத்தினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் போய்விடும். மலையில் அது வேண்டவே வேண்டாம். தூக்கும் ஹைட்ராலிக் ஜாக் 40 மி.மீ. உள்விட்டம் இருந்தால் 150 பார் எண்ணெய் அழுத்தத்தில் ஏறக்குறைய 1.9 டன் தள்ளும். பிளேடின் எடைக்கு இது தாராளம், எட்டு பத்து அங்குலம் எழுந்தால் போதும். ஹோஸ் பைப்பை டயரும் சைலன்சரும் படாத வழியில் கட்டுங்கள். கசிவு தேடும்போது விரலால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், அட்டைத் துண்டு பிடித்துப் பாருங்கள்.

பின்னால் எதிர் எடை கட்டாயம். 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் கான்கிரீட் ஊற்றினால் 120 கிலோ வரும். ஊற்றும்போதே குறுக்கே ஒரு கம்பியும் மேலே ஒரு காதும் பதித்துவிட்டால் மூன்று முனை இணைப்பில் நேராக மாட்டலாம். மினி டிராக்டரில் பெரும்பாலும் கீழ்க் கைக்கு 22 மி.மீ. பின், மேல் லிங்குக்கு 19 மி.மீ. எடையைத் தரையை ஒட்டித் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றுவதும் நல்லது, அது பாரத்தை இன்னும் கீழே கொண்டுபோகும்.

பாதையில்

நடக்கிற வேகம், அதற்கு மேல் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் அடி நான்கு மடங்காகும். பிளேடு நிறைய அள்ளாதீர்கள், மேலாக ஒரு அடுக்கு, மறுபடி வந்து இன்னொரு அடுக்கு. மழை விட்டு மண் கொஞ்சம் இறுகிய பிறகு தொடங்கினால் சக்கரம் பிடிக்கும், சேறும் பிளேடில் அப்பாது.

எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் மலையில் உண்மையான கேள்வி. பள்ளத்துப் பக்கம் தள்ளுவது சுலபமாகத் தெரியும். ஆனால் ஊறிய ஓரம் டிராக்டரின் எடையைத் தாங்காது, விழும் மண் கீழ் வரிசைக் காபிச் செடிகளை மூடும். மேட்டுப் பக்கம் தள்ளினால் வாய்க்கால் அடைபடும், அடுத்த மழைத் தண்ணீர் பாதையின் நடுவில் ஓடி வெட்டிவிடும், போன வேலை திரும்ப வரும். அகலமான வளைவு, காலியிடம் என்று முன்கூட்டியே இரண்டு மூன்று இடம் பார்த்து வைத்து, பாதை நீளத்திலேயே தள்ளிக்கொண்டு போய் அங்கே குவியுங்கள். கடைசிக் கொஞ்சத்தை ஆள் வைத்து மண்வெட்டியால் அள்ளி, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். பள்ளத்து ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் சக்கரம் போகக் கூடாது. ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு) இல்லாத வண்டியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும், பெல்ட் இல்லாத ரோல் பார் ஆளைக் காப்பாற்றாது. மேலே மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் கிட்டப் போகாதீர்கள்.

இடுப்பளவு சரிவு, உருண்ட பாறை, விழுந்த மரம் இதெல்லாம் இந்த பிளேடுக்கான வேலை இல்லை. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு இயந்திரம் கிடைக்கும், உழவன் செயலி வழியாகவும் பதியலாம். மலைச்சரிவைப் புதிதாக வெட்டுவது தனி விஷயம், அதற்கு அனுமதி வாங்க வேண்டும். பொதுச் சாலையில் பிளேடோடு ஓட்டாதீர்கள். கழற்றி மாட்ட நான்கு பின் மட்டும் என்கிற மாதிரி சட்டத்தைச் செய்துகொண்டால் இது பெரிய சிரமமாக இருக்காது.

முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு நிறுத்தி யூ போல்ட்டையும் மற்ற எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள், புது இரும்பு உட்காரும்போது கட்டாயம் தளரும். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும்முன் பின்களுக்கு கிரீஸ், வெல்டிங் ஓரங்களில் கண் பார்வை, கிளட்ச் ஹவுஸிங் போல்ட் வரிசையில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது. அங்கே ஈரம் தெரிந்தால் சட்டம் எங்கேயோ எஞ்சினைத் தள்ளுகிறது என்று அர்த்தம், பின் ஆக்ஸில் பிடியை அவிழ்த்துப் பார்க்காமல் அடுத்த லோடு தள்ள வேண்டாம். தையில் மழை ஓய்ந்ததும் பிளேடைக் கழற்றி, ஸ்பிரிங் நட்டைத் தளர்த்தி, வெட்டுப்பட்டையில் பழைய எஞ்சின் ஆயில் தடவி மரக்கட்டை மேல் நிறுத்தி வைத்துவிட்டால் அடுத்த ஐப்பசி வரை அதற்கு வேறு வேலை இல்லை.